அட்டையில் யார் பெயர்? – குழந்தைகள் புத்தகமான ஆஸ்திரேலியப் பழங்குடிக் கதைகள்

ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் ஒரு பெரியவரின் முகம் இருக்கிறது. நெற்றி அகன்ற, நிதானமான முகம். பெயர் டேவிட் யுனைபோன். 1995ல் புது நோட்டு வந்ததில் இருந்து அவர் அதில் இருக்கிறார். தெற்கு ஆஸ்திரேலியாவின் நாரின்ஜெரி என்ற பழங்குடி இனத்தில் 1872ல் பிறந்தவர். மதபோதகர், எழுத்தாளர், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கருவியைத் திருத்தி அமைத்த கண்டுபிடிப்பாளர்.

ஒரு நாடு தன் பணத்திலேயே முகத்தை அச்சடிக்கும் அளவுக்குப் பெரிய மனிதர். ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்தில், அவர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து எழுதிய கதைகள் வேறு ஒருவர் பெயரில் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகத்தில் யுனைபோனின் பெயர் ஒரு இடத்தில் கூட இல்லை!

இது ஏதோ ஒரு தனி மனிதருக்கு நடந்த அநியாயம் என்று விட்டுவிட முடியாது. ஆஸ்திரேலியப் பழங்குடிக் கதைகள் அச்சுக்கு வந்து, படம் போட்ட குழந்தைகள் புத்தகங்களாக மாறிய நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு முழுவதிலும் இதே கேள்வி தான் திரும்பத் திரும்ப வருகிறது. கதை யாருடையது? அட்டையில் யார் பெயர்?

முதலில், கதை என்றால் என்ன?

ஆங்கிலேயர்கள் 1788ல் வந்து குடியேறியபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்து வந்த மக்கள். அவர்களிடம் அச்சுப் புத்தகம் கிடையாது, பத்திரப்பதிவு அலுவலகம் கிடையாது. அந்த வேலைகளை எல்லாம் கதைகள் செய்தன.

இந்தக் குன்று எப்படி வந்தது, இந்த நீர்நிலை யாருடைய பொறுப்பு, இந்த மீனை எந்தப் பருவத்தில் பிடிக்கக் கூடாது, யார் யாரை மணக்கலாம்... எல்லாமே கதைக்குள் இருந்தன. கதை தெரிந்தவனுக்கு வழி தெரியும், தண்ணீர் இருக்கும் இடம் தெரியும். ஒரு நிலத்தின் கதையைச் சொல்லும் உரிமை இருந்தால் அந்த நிலத்தோடு உறவு இருக்கிறது என்று பொருள்.

அதனால் யார் வேண்டுமானாலும் எந்தக் கதையையும் சொல்லிவிட முடியாது. ஆண்களுக்கு மட்டும் உரிய கதைகள் உண்டு, பெண்களுக்கு மட்டும் உரியவை உண்டு. எல்லோருக்கும் பொதுவான கதையிலும் பல அடுக்குகள். குழந்தைக்கு மேல் அடுக்கை மட்டும் சொல்வார்கள். வளர வளர, சடங்குகள் முடிய முடிய, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவார்கள். வெளியாட்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்த மேல் அடுக்கு தான். அதைக் கேட்டுவிட்டு "இவர்களுடைய கதைகள் எல்லாம் சின்னப் பிள்ளைக் கதைகள்" என்று பலர் முடிவு கட்டினார்கள்.

"ட்ரீம்டைம்", அதாவது கனவுக்காலம், என்ற சொல்லும் வெளியில் இருந்து வந்தது தான். நடு ஆஸ்திரேலியாவின் அரெர்ன்டே மக்கள் "அல்ட்யெர்ரெ" என்று சொன்னதை ஃபிராங்க் கில்லன் என்ற அதிகாரி "கனவுக் காலங்கள்" என்று மொழிபெயர்த்தார். அது அச்சில் வந்த ஆண்டு 1896. பழங்குடி மக்களுக்கு அது முடிந்து போன காலமும் இல்லை, தூக்கத்தில் காணும் கனவும் இல்லை. இன்றும் நடந்து கொண்டிருக்கும் ஒன்று. ஆனாலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த எத்தனையோ குழந்தைகள் புத்தகங்களின் தலைப்பில் அது ஏறிக்கொண்டது.

ஆட்டுப் பண்ணையில் கேட்ட கதைகள்

அதே 1896ல் லண்டனில் ஒரு புத்தகம் வந்தது. பெயர் "ஆஸ்திரேலியன் லெஜண்டரி டேல்ஸ்". தொகுத்தவர் கே. லாங்லோ பார்க்கர் என்ற பெண்மணி. நியூ சவுத் வேல்ஸின் வடக்கே, நாரன் ஆற்றங்கரையில் பேங்கேட் என்ற ஆட்டுப் பண்ணையை அவர் கணவர் நடத்தி வந்தார். அந்த நிலம் யூவாலயி (இன்று யுவாலராய் என்று எழுதுகிறார்கள்) மக்களின் நிலம்.

கேட் பார்க்கருக்குச் சின்ன வயதில் ஒரு சம்பவம் நடந்தது. 1862ல் டார்லிங் ஆற்றில் குளிக்கும்போது அவரும் அவருடைய சகோதரிகளும் நீரில் மூழ்கினார்கள். அவரை மட்டும் மியோலா என்ற பழங்குடிப் பெண் காப்பாற்றினாள். சகோதரிகள் இருவர் இறந்து போனார்கள். பழங்குடி மக்கள் பக்கம் பார்க்கரின் மனம் சாய்ந்ததற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கதை சேகரிப்பதில் அவர் கவனமாகத் தான் இருந்தார். முதியவர்கள் தங்கள் மொழியில் சொல்வதைக் கேட்பார். ஆங்கிலம் தெரிந்த இன்னொருவர் மூலம் அதையே மறுபடி கேட்பார். எழுதியதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். கதை சொன்னவர்களின் பெயர்களை முன்னுரையில் குறிப்பிட்டு நன்றி சொன்னார். பீட்டர் ஹிப்பி என்ற பெரியவருக்குப் புத்தகத்தையே காணிக்கை ஆக்கினார். கடைசியில் முதல் கதையை மூல மொழியிலும் அச்சிட்டார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

அந்த முதல் கதை ஈமுவும் கானமயிலும் பற்றியது. ஈமு தான் பறவைகளில் பெரியது, அரசன் மாதிரி. கானமயிலுக்குப் பொறாமை. ஒரு நாள் தன் சிறகுகளை உடம்போடு ஒட்டி மறைத்துக்கொண்டு, "பெரிய பறவைகளுக்கு எதற்குச் சிறகு? எல்லாப் பறவையும் தான் பறக்கிறது. சிறகில்லாமல் இருப்பது தான் கௌரவம்" என்று ஈமுவிடம் சொல்கிறது. ஈமு வீட்டுக்குப் போய் யோசிக்கிறது. ஜோடியாகச் சிறகை வெட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் கானமயில் சிரித்துக்கொண்டே சிறகை விரித்துப் பறக்கிறது.

ஈமு சும்மா விடுமா? தன் குஞ்சுகளில் இரண்டை மட்டும் கூட்டிக்கொண்டு, மற்றதை மறைத்து வைத்துவிட்டுப் போகிறது. "இத்தனை பிள்ளைகளுக்கு இரை தேடினால் ஒன்று கூடப் பெரிதாக வளராது. என்னைப் பார், இரண்டு தான்" என்கிறது. நம்பிய கானமயில் தன் குஞ்சுகளில் இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கொன்றுவிடுகிறது. அதனால் தான் இன்று வரை ஈமுவுக்குப் பறக்கத் தெரியாது, கானமயில் இரண்டு முட்டைக்கு மேல் இடாது.

சிரிக்க வைத்துவிட்டு வயிற்றைப் பிசையும் கதை. பறவைகளைப் பற்றிய உண்மையான அறிவும் உள்ளே இருக்கிறது. ஆஸ்திரேலியக் கானமயில் ஒன்றோ இரண்டோ முட்டை தான் இடும்.

இனி படங்கள். அந்தப் புத்தகத்தில் இருந்த கோட்டோவியங்கள் மிக அழகானவை. வரைந்தவர் டாமி மெக்ரே என்ற பழங்குடி ஓவியர். யூவாலயி இனத்தவர் அல்ல, தெற்கே மர்ரி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவர். ஓவிய நோட்டுகளை விற்றே குடும்பம் நடத்தியவர். முன்னுரை எழுதிய ஆண்ட்ரூ லாங்குக்கு அவருடைய சகோதரர் ஆஸ்திரேலியாவில் இருந்து அந்தப் படங்களை அனுப்பி வைத்தார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது, முன்னுரை எழுதியவர் பெயர் இருக்கிறது. படம் வரைந்தவருக்கு மட்டும் "ஒரு சுதேசி ஓவியர்" என்ற அடையாளம் தான். பெயர் இல்லை.

யாருக்குச் சொன்ன கதை, யார் கேட்டார்கள்?

பார்க்கர் புத்தகத்தின் துணைத் தலைப்பை யோசித்துப் பார்க்க வேண்டும். நூங்காபரா மக்கள் தங்கள் குழந்தைகளுக்குச் சொன்ன கதைகள் என்பது அதன் பொருள். (குழந்தைகளைக் குறிக்க வெள்ளையர்கள் பயன்படுத்திய, இன்று இழிவாகக் கருதப்படும் ஒரு சொல் அதில் இருக்கிறது.) ஆக, கதை யாருக்கு உரியது என்று புத்தகமே ஒப்புக்கொள்கிறது.

அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆனது?

1909ல் நியூ சவுத் வேல்ஸில் பழங்குடிப் "பாதுகாப்பு"ச் சட்டம் வந்தது. 1915ல் அதைத் திருத்தினார்கள். அதன் பிறகு ஒரு பழங்குடிக் குழந்தையைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து எடுத்துப் போக நீதிமன்ற உத்தரவு கூடத் தேவையில்லை. குழந்தையின் நலனுக்காக என்று வாரியம் சொன்னால் போதும். சிறுமிகள் கூட்டமுண்ட்ரா இல்லத்துக்கும், சிறுவர்கள் கின்செலா இல்லத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அங்கே தாய்மொழி பேசக் கூடாது. வீட்டு வேலைக்கும் பண்ணை வேலைக்கும் பழக்குவது தான் படிப்பு.

1936ல் நாரன் ஆற்றங்கரையில் ஆங்கிள்டூல் என்ற இடத்தில் வாழ்ந்த யுவாலராய் மக்களை லாரிகளில் ஏற்றிப் பிரவாரினாவுக்குக் கொண்டு போய் இறக்கினார்கள். நிலத்தோடு கட்டிய கதை, நிலத்தை விட்டு மக்களைத் தூக்கிப் போனால் எங்கே நிற்கும்?

1910 முதல் 1970 வரை நாடு முழுவதும் பத்தில் ஒரு குழந்தை முதல் மூன்றில் ஒரு குழந்தை வரை பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997ல் வந்த "பிரிங்கிங் தெம் ஹோம்" விசாரணை அறிக்கை கணக்கிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தான் கனம் புரியும். 1953ல் பார்க்கரின் கதைகளில் இருந்து தேர்ந்தெடுத்து ஹென்ரியேட்டா டிரேக்-பிராக்மன் ஒரு புதிய பதிப்பைக் கொண்டு வந்தார். எலிசபெத் டுராக் படங்கள் வரைந்தார். 1954ல் ஆஸ்திரேலியாவின் சிறந்த குழந்தைகள் புத்தகம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. அந்தக் கதைகளைப் பள்ளி நூலகங்களில் வெள்ளைக் குழந்தைகள் ரசித்துப் படித்தார்கள். யாருக்காகச் சொல்லப்பட்டதோ அந்தக் குழந்தைகளில் பலர் பாட்டியின் குரல் எட்டாத விடுதிகளில் இருந்தார்கள்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. படம் வரைந்த அதே எலிசபெத் டுராக், பல வருடம் கழித்து "எடி பரப்" என்ற ஒரு கற்பனைப் பழங்குடி ஓவியர் பெயரில் படங்கள் வரைந்து காட்சிக்கு வைத்தார். 1997ல் உண்மை வெளியானபோது பெரிய சர்ச்சை. 1896ல் உண்மையான பழங்குடி ஓவியரின் பெயரை அச்சிடவில்லை. நூறு வருடம் கழித்து, இல்லாத பழங்குடி ஓவியருக்குப் பெயர் வைத்தார்கள்!

ஐம்பது டாலர் மனிதரின் கதை

இப்போது யுனைபோனிடம் திரும்புவோம். 1920களின் நடுவில் அவர் தெற்கு ஆஸ்திரேலியாவில் சுற்றி, நாரின்ஜெரி மக்களிடமும் பிற இனத்தவரிடமும் கதைகள் சேகரித்தார். ஆங்கிலத்தில் தானே எழுதினார். பைபிளும் பழைய ஆங்கில இலக்கியமும் படித்தவர் என்பதால் அவர் நடை கம்பீரமாக இருக்கும். சிட்னியின் ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சன் பதிப்பகம் அந்தக் கதைகளை விலைக்கு வாங்கியது. 1929ல் "நேட்டிவ் லெஜண்ட்ஸ்" என்ற சிறு நூல் அவர் பெயரில் வந்தது. ஆனால் பெரிய தொகுப்பு அவர் பெயரில் வரவில்லை.

பதிப்பகம் அந்தக் கையெழுத்துப் பிரதியின் உரிமையை அடிலெய்டைச் சேர்ந்த டாக்டர் வில்லியம் ராம்சே ஸ்மித்துக்கு விற்றது. 1930ல் லண்டனில் அது ராம்சே ஸ்மித்தின் பெயரில் வெளியானது. யுனைபோனுக்கு ஒரு நன்றி வரி கூட இல்லை.

வியாபாரமாகப் பார்த்தால் எல்லாம் முறைப்படி நடந்தது. விற்பவர் விற்றார், வாங்கியவர் வாங்கினார், வாங்கியவர் இன்னொருவருக்குக் கைமாற்றினார். ரசீது சரியாக இருக்கிறது. ஆனால் விற்கப்பட்டது என்ன? எழுதியவர் பெயர் மட்டும் அல்ல, அவருக்குக் கதை சொன்ன மக்களின் அடையாளமும் சேர்ந்து போனது.

இந்த ராம்சே ஸ்மித் யார் என்பது கதையை இன்னும் இருட்டாக்குகிறது. அவர் அடிலெய்டில் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். இறந்து போன பழங்குடி மக்களின் எலும்புகளை ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர். 1901ல் இறந்த டாமி வாக்கர் என்ற நாரின்ஜெரிக்காரரை அடிலெய்டில் எல்லோருக்கும் தெரியும். ஊரார் பணம் போட்டு அவரை அடக்கம் செய்தார்கள். பிறகு பார்த்தால் அவருடைய எலும்புக்கூடு எடின்பரோவுக்குப் போயிருந்தது. 1903ல் விசாரணை நடந்தது. ராம்சே ஸ்மித் மறுபடி பதவியில் அமர்ந்தார். முதலில் நாரின்ஜெரி மக்களின் எலும்பு, பிறகு நாரின்ஜெரிக்காரர் எழுதிய கதை. இரண்டும் ஒரே கை வழியாகப் போயின.

யுனைபோன் 1967ல் இறந்தார். சிட்னியின் மிட்செல் நூலகத்தில் இருந்த அவருடைய பிரதிகளைக் கொண்டு ஸ்டீபன் முக்கியும் ஆடம் ஷூமேக்கரும் 2001ல் அந்தத் தொகுப்பை அவர் பெயரிலேயே பதிப்பித்தார்கள். 71 ஆண்டுகள் கழித்து அட்டையில் சரியான பெயர் வந்தது. அதற்கு முன்பே அவர் முகம் பண நோட்டில் வந்துவிட்டது!

வானவில் பாம்பு வந்த பிறகு

1970களில் தான் பழங்குடி ஆசிரியரின் பெயரும் பழங்குடி ஓவியரின் படமும் சேர்ந்து வந்த புத்தகங்கள் பரவலாகக் குழந்தைகள் கைக்குப் போயின. 1972ல் கவிஞர் கேத் வாக்கர் (பின்னாளில் ஊட்ஜெரூ நூனுக்கல்) "ஸ்ட்ராட்புரோக் ட்ரீம்டைம்" எழுதினார். ஆனால் படப்புத்தகம் என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் டிக் ரஃப்சே.

அவருடைய லார்டில் மொழிப் பெயர் கூபலதால்டின். கார்ப்பென்டேரியா வளைகுடாவில் மார்னிங்டன் தீவுப் பக்கம் 1920 வாக்கில் பிறந்தவர். சிறுவயதில் மிஷன் விடுதியில் வளர்ந்தவர். பிறகு பெற்றோரிடம் திரும்பிப் போய்க் காட்டு வாழ்க்கையைக் கற்றுக்கொண்டார். கரும்பா என்ற ஊரில் ஒரு விடுதியில் எடுபிடி வேலை பார்க்கும்போது, 1962ல் பெர்சி டிரெசைஸ் என்ற விமானியைச் சந்தித்தார். டிரெசைஸ் ஓவியரும் கூட. இருவரும் கேப் யார்க் பகுதியில் லாரா ஊரைச் சுற்றியுள்ள குகை ஓவியங்களைத் தேடி வருடக்கணக்கில் அலைந்தார்கள்.

1975ல் ரஃப்சே எழுதி வரைந்த "தி ரெயின்போ சர்ப்பென்ட்" வந்தது. 1976ல் ஆண்டின் சிறந்த படப்புத்தகம் என்ற விருது. கூரியல்லா என்ற பெரிய பாம்பு தன் இனத்தாரைத் தேடி நாடு முழுவதும் ஊர்ந்து போகிறது. அது போன தடம் எல்லாம் ஆறும் பள்ளத்தாக்கும் ஆகிறது. கடைசியில் தன் மக்களைக் கண்டுபிடித்து அவர்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறது. ஒரு மழை இரவில் ஒதுங்க இடம் கேட்டு வந்த இரண்டு பையன்களை விழுங்கிவிடுகிறது. மக்கள் அது தூங்கும்போது வயிற்றைக் கிழிக்க, பையன்கள் பஞ்சவர்ணக் கிளிகளாக வெளியே பறக்கிறார்கள். விழித்த பாம்பு கோபத்தில் மலையைப் பெயர்த்து எறிகிறது. சிதறிய துண்டுகள் தான் இன்றைய குன்றுகள். பயந்து ஓடியவர்கள் விலங்குகளாகவும் பறவைகளாகவும் ஆனார்கள்.

அந்தப் பக்கங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு வறண்ட, சிவந்த நிலமும், நீல வானமும், நடுவில் வளைந்து கிடக்கும் பாம்பும் மறக்கவே மறக்காது.

இங்கேயும் ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். ரஃப்சே பிறந்த தீவில் வானவில் பாம்பின் பெயர் துவாத்து. அது வேறு கதை. மழையில் நனையும் தங்கையின் நோயாளிக் குழந்தைக்குத் தன் குடிசையில் இடம் கொடுக்க மறுத்து, அதற்குத் தண்டனை அனுபவிக்கும் பாம்பு அது. கேப் யார்க்கின் கூரியல்லா வேறு. ஆனால் பள்ளிப் பாடங்களில் "பழங்குடியினரின் வானவில் பாம்புக் கதை" என்று ஒற்றைக் கதை ஆகிவிட்டது. 250 மொழிகளுக்கு ஒரே பாம்பு! எந்த இனம், எந்த ஊர் என்ற விவரம் போய்விட்டால் கதை பொதுச் சொத்து மாதிரி ஆகிவிடுகிறது.

1978ல் டிரெசைஸும் ரஃப்சேயும் சேர்ந்து "தி குவின்கின்ஸ்" கொண்டு வந்தார்கள். குகை ஓவியங்களில் இருக்கும் ஆவிகளின் கதை. டிமாரா என்ற உயரமான, நல்ல ஆவிகள். இம்ஜிம் என்ற குட்டையான, கெட்ட ஆவிகள். இம்ஜிம்களின் தொழில் குழந்தைகளைத் திருடுவது. கதையில் யலாஞ்சி இனத்துக் குழந்தைகள் இருவர் மாட்டிக்கொண்டு கடைசியில் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். பழைய கதை தான். ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நிறைந்த ஒரு நாட்டில் அந்தக் கதையைப் படிப்பவர்களுக்கு வேறு நினைவும் வந்திருக்கும்.

சொல்லக் கூடாதது

எல்லாக் கதையும் புத்தகமாக வேண்டும் என்பதில்லை. இதை நீதிமன்றமே சொன்ன ஒரு வழக்கு உண்டு. சார்லஸ் மவுண்ட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் 1940ல் பிட்ஜன்ஜாரா மக்களோடு பயணம் செய்தபோது, பெரியவர்கள் நம்பிக்கையோடு அவருக்கு ரகசியச் சடங்குகளையும் கதைகளையும் காட்டினார்கள். 1976ல் அவர் எல்லாவற்றையும் படங்களோடு "நோமட்ஸ் ஆஃப் தி ஆஸ்திரேலியன் டெசர்ட்" என்ற புத்தகமாகப் போட்டார். இவரே ஓவியர் ஐன்ஸ்லி ராபர்ட்ஸுடன் சேர்ந்து 1965 முதல் "கனவுக்காலப்" படப்புத்தகங்கள் வெளியிட்டு நன்றாக விற்றவர்.

பெரியவர்கள் நீதிமன்றம் போனார்கள். தங்கள் பெண்களும் குழந்தைகளும், இன்னும் சடங்கு முடியாத பையன்களும் இதைப் பார்த்துவிட்டால் சமூகத்தின் அடிப்படையே ஆடிவிடும் என்றார்கள். வடக்கு ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றம் அங்கே புத்தக விற்பனைக்குத் தடை விதித்தது. நம்பிக்கையின் பேரில் சொன்ன ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது தான் சட்டக் காரணம்.

பதிப்புரிமைச் சட்டத்தால் அதைச் செய்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் 1968ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்திலோ ஒலிநாடாவிலோ பதிவான படைப்பைத் தான் பாதுகாக்கிறது. வாய்மொழிக் கதைக்கு ஆசிரியர் யார்? ஒருவரும் இல்லை, எல்லோரும் தான். சட்டம் தனி மனிதரைத் தேடுகிறது. அதனால் முதலில் எழுதிவைத்தவரே உரிமைக்காரர் ஆகிவிடுகிறார். அவரும் இறந்து காலக்கெடு முடிந்தால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பார்க்கர் 1940ல் இறந்தவர். இன்று அவர் தொகுத்த கதைகளை அச்சிட யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை, யுவாலராய் மக்களுக்கும் கூட.

1998ல் புலுன் புலுன் என்ற ஓவியரின் வழக்கில் ஒரு சிறு கதவு திறந்தது. பழங்குடி ஓவியர் தன் இனத்தின் சடங்கு அறிவைப் பயன்படுத்தும்போது அந்த இனத்துக்குக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இனத்துக்கே கூட்டுப் பதிப்புரிமை உண்டு என்று சொல்லவில்லை. 2023ல் வெளியிட்ட தேசியக் கலாசாரக் கொள்கையில் இதற்குத் தனிச் சட்டம் கொண்டு வருவதாக அரசு உறுதி அளித்தது.

விதை பரப்பும் பழம்

சட்டத்துக்காக மக்கள் காத்திருக்கவில்லை. 1984ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் நடந்த ஒரு கலாசார விழாவில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நம் கதைகளை நாமே பதிப்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்தது தான் புரூம் நகரில் உள்ள மகபலா புக்ஸ். மகபலா என்பது அந்தப் பகுதியில் காய்க்கும் ஒரு கொடியின் காய். முற்றி வெடித்தால் விதைகள் காற்றில் பறந்து பரவும். பதிப்பகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

1992ல் மகபலா வெளியிட்ட "ஜரனி ரஃப்டெய்ல்" என்ற புத்தகம் குக்கட்ஜா மக்களின் கதைகளைச் சொல்கிறது. கிரேசி கிரீன், ஜோ டிரமாக்கி எழுத, லூசில் கில் ஓவியங்கள் தீட்டினார். ஒரு பக்கம் குக்கட்ஜா மொழி, கூடவே ஆங்கிலம். ஓவியத்தில் எந்தக் குறி எதைக் குறிக்கிறது என்ற விளக்கமும் உண்டு. 1993ல் அதற்கு விருது கிடைத்தது. அங்கே குழந்தை வெறும் கதையை மட்டும் படிக்கவில்லை. யாருடைய மண், எந்த மொழி, யார் சொன்னது என்று சேர்த்தே படிக்கிறது.

1989ல் அபோரிஜினல் ஸ்டடீஸ் பிரஸ் வெளியிட்ட "தி ஸ்டோரி ஆஃப் தி ஃபாலிங் ஸ்டார்" இன்னும் ஒரு படி மேல். எல்சி ஜோன்ஸ் என்ற பாகன்ட்யி மூதாட்டி சொன்ன கதை. டார்லிங் ஆற்றுக்கரை மக்களின் புகைப்படங்களும் ஓவியங்களும் கலந்த பக்கங்கள். கதையோடு, கதை கேட்கும் கூட்டமும் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

2020ல் குழந்தை இலக்கியத்துக்கான பிரதமர் விருதும் ஒரு மகபலா புத்தகத்துக்குத் தான் போனது. ஜாஸ்மின் சீமோரும் லீன் மல்கோ வாட்சனும் உருவாக்கிய "கூயீ மிட்டிகார்". சிட்னியின் பூர்வ குடிகளான தருக் மக்களின் மொழிச் சொற்களைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் புத்தகம்.

இன்னும் ஒரு புத்தகம். 2014ல் மகபலா வெளியிட்ட "சில்லி பேர்ட்ஸ்". மாலியன் என்ற கழுகும் வாகுன் என்ற வான்கோழியும் வரும் கதை. பெரியவர்கள் பேச்சைக் கேட்கும் நல்ல கழுகு, கூட்டுச் சேர்க்கையால் கெட்டு, பிறகு திருந்துகிறது. எழுதியவரும் வரைந்தவரும் கிரெக் டிரெய்ஸ். அவர் கமிலராய், யூவாலயி இனங்களின் வழிவந்தவர். பார்க்கர் தன் 1896 புத்தகத்தைக் காணிக்கை ஆக்கிய பீட்டர் ஹிப்பியின் மக்களும் அதே யூவாலயி தான்.

ஈமுவுக்கு அவர்கள் மொழியில் தினவன் என்று பெயர். பார்க்கர் எழுதி வைத்த அந்தச் சொல், 2003ல் வெளியான கமிலராய்–யுவாலராய் அகராதியிலும் இருக்கிறது. பார்க்கரின் புத்தகம் இல்லாவிட்டால் சில கதைகள் இன்று கிடைக்காமலே போயிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. எழுதி வைத்ததற்கு நன்றி சொல்லலாம். அதற்காக, சொன்னவர்களின் பெயரை மறக்க வேண்டுமா என்ன?

அடுத்த முறை "ஆஸ்திரேலியப் பழங்குடிக் கதை" என்று ஒரு படப்புத்தகம் கைக்கு வந்தால், முதலில் கதைக்குப் போகாமல் அட்டையையும் முதல் பக்கத்தையும் பார்க்கலாம். எந்த மக்களின் கதை? எந்த ஊர் மண்? சொன்னது யார்? வரைந்தது யார்? நான்குக்கும் பதில் இருந்தால் அந்தக் கதை தன் வீட்டு விலாசத்தோடு வந்திருக்கிறது. "ஒரு சுதேசி ஓவியர்" என்று மட்டும் இருந்தால், இன்னும் 1896லேயே நிற்கிறது.